சுரிதாருடன் கோதாவில்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை அடுத்துள்ள நூம்பல், ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த சிற்றூர். இன்று சென்னையின் மேற்குப் புறநகர்களுள் ஒன்று. அங்குள்ள இல்லங்களாயினும் சரி, அம்பத்தூர், ஆவடிப் பகுதி இல்லங்களாயினும் சரி, பள்ளி விடுமுறை நாள் ஒன்றின் பிற்பகலில் உள்ளே எட்டிப் பார்ப்போமாயின் ஒரு காட்சியைக் காணக்கூடும். பாயை விரித்து, நான்கு மூலையிலும் தலையணைகளை அடுக்கி, அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நிற்பர். கட்டிலின் விளிம்பே அவர்களுக்குப் பாய்வதற்குரிய உயர்மேடை. அடுக்களையிலிருந்து அன்னையின் குரல் உயரும், ஆட்டம் கலையும், சற்று நேரத்தில் மீண்டும் தொடங்கும்.

இவ்வாட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பெற்றோர் யாவரும் அறிவர். 1990களில் பள்ளிச் சிறுவரின் பைகளில் மற்போர் வீரர்களின் படமும் உயரமும் எடையும் அச்சிட்ட சீட்டுக் கட்டு இல்லாத நாள் அரிது. அன்று அந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். வனவிலங்குப் பாதுகாப்புக்கென உலகெங்கும் பணிபுரியும் சங்கமும் அதே எழுத்துகளைக் கொண்டிருந்தமையால் வழக்கு மூண்டு, 2002இல் மற்போர் நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.இ. எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பாண்டாக் கரடியிடம் தோற்ற பயில்வான்கள் என்று இதைச் சொல்லலாம்.

“அதெல்லாம் வெறும் நடிப்பு” என்பர் தந்தையர். “இல்லை, நிஜமாகவே அடித்துக்கொள்கிறார்கள்” என்று சாதிப்பர் பிள்ளைகள். இரு சாராருமே பாதி உண்மையைத்தான் பேசுகின்றனர் என்பது நமது துணிபு. யார் வெல்வார், யார் தோற்பார் என்பது முன்னரே முடிவு செய்யப்படுகிறது. இதை மறைத்துப் பயனில்லை. 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன்பு அந்நிறுவனமே தனது காட்சி போட்டியன்று, பொழுதுபோக்கே என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறும் பொருட்டே இந்த வாக்குமூலம். ஆனால் முடிவு தீர்மானிக்கப்பட்டது என்பதால் விழுவது பொய்யாகிவிடாது. கோதாவின் அடியில் இருப்பது எஃகுச் சட்டம்; அதன்மேல் மரப்பலகை; அதன்மேல் மெல்லிய மெத்தை; எல்லாவற்றையும் மூடியது கித்தான். பஞ்சணை அன்று. அதன்மேல் ஆறடி உயரத்திலிருந்து ஒருவர் மல்லாந்து விழுகையில் மோவாயை மார்போடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, இரு கைகளாலும் தரையை அறைந்து, முதுகு முழுவதும் ஒரே கணத்தில் படும்படி விழவேண்டும். விழும் வித்தையைக் கற்பதற்கே மாதக்கணக்காகும். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. தூக்கி எறிபவரே எறியப்படுபவரின் காவலர். எதிராளியின் கழுத்து தன் கையில் இருக்கிறது என்னும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. கட்டிலிலிருந்து குதிக்கும் நமது பிள்ளைகள் அறியாதது இதுவே. குதிக்கத் தெரிகிறது, தாங்கத் தெரியவில்லை.

அந்தக் காவல் தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2001இல் கலிஃபோர்னியாவின் பயிற்சிக் கூடமொன்றில், பயிற்சியின்போது விழுந்து தலையில் அடிபட்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். நீதிமன்றம் அப்பயிற்சிக் கூடத்தையே பொறுப்பாக்கி இழப்பீடு தருமாறு பணித்தது. அன்று அவருடன் பயிற்சி செய்துகொண்டிருந்தவர் இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த தலீப் சிங் ராணா. கல் உடைக்கும் கூலியாளாக இருந்து, பஞ்சாப் காவல் துறையில் சேர்ந்து, பின்னர் மற்போரைத் தொழிலாகக் கொண்டவர் அவர். அதே 2001இல் ஜப்பான் சென்று அங்குள்ள புதிய ஜப்பான் மற்போர்க் கழகத்தில் ஆடினார். 2006 முதல் ‘தி கிரேட் காலி’ என்னும் பெயரில் உலகப் புகழ் எய்தினார். ஏழடி உயரமுள்ள அந்த மனிதரை அறியாத சிறுவர் நமது பகுதியில் இருக்கமாட்டார்கள். 2015இல் அவர் ஜலந்தர் நகரில் ஒரு மற்போர்ப் பள்ளியைத் தொடங்கினார். நாம் இங்கு எழுத எண்ணிய பெண்மணி அப்பள்ளியின் வாயிலில் வந்து நின்றது அதற்கடுத்த ஆண்டில்.

அவர் பெயர் கவிதா. நமது தெருவிலும் வீட்டுக்கு ஒரு கவிதா உண்டு. எனவே பெயரளவில் அந்நியர் அல்லர். ஹரியானா மாநிலம் ஜிந்த் மாவட்டத்தில் ஜுலானாவை அடுத்த மால்வி என்னும் கிராமத்தில் தலால் குடும்பத்தில் பிறந்தார். பெண் பிள்ளை முற்றத்தைத் தாண்டினாலே நான்கு பேர் வாய் திறக்கும் சூழல் அது. தமையனார் அளித்த ஊக்கத்தால் பளுதூக்கும் பயிற்சியில் சேர்ந்தார். அதற்கென இளம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியூர்களில் தங்க நேர்ந்தது. 2008இல் எல்லைக் காவல் படைகளுள் ஒன்றான சசஸ்திர சீமா பலத்தில் காவலராகப் பணி கிடைத்தது. 2009இல் திருமணம். கணவரும் விளையாட்டு வீரர், கைப்பந்து ஆட்டக்காரர். ஓராண்டில் ஆண் மகவு பிறந்தது. 2010இல் பணியையும் விட்டார்.

இந்த இடத்தில் வழக்கமாகக் கதை முடிந்துவிடும். நமது பங்குகளிலேயே எண்ணிப் பார்ப்போம். பள்ளி நாளில் ஓட்டப் பந்தயத்திலும் கோகோவிலும் கேடயம் வாங்கிய மங்கையர் எத்தனை பேர்? அந்தக் கேடயம் இப்போது எந்தப் பரணில் கிடக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. யாரும் தடுத்ததாகக் கூற முடியாது. யாரும் ‘போ’ என்று சொல்லவில்லை, அவ்வளவே. கவிதாவும் விளையாட்டைத் துறக்கவே எண்ணினார். அவரை மீண்டும் பயிற்சிக்கு அனுப்பியவர் கணவர். பிள்ளை பெற்ற உடல் மறுபடியும் இரும்பைத் தூக்கப் பழகியது. 2016 பிப்ரவரியில் குவாஹாட்டியில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 75 கிலோ எடைப் பிரிவில் பளுதூக்கித் தங்கப் பதக்கம் வென்றார். மகனுக்கு அப்போது ஐந்து வயதுக்கு மேல்.

அதே ஆண்டில்தான் ஜலந்தர். பார்வையாளர் கூட்டத்தை நோக்கி, ‘என்னுடன் மோதுவார் எவரேனும் உண்டா?’ என்று கோதாவில் நின்ற பெண் மல்லர் ஒருவர் அறைகூவ, சுரிதார் அணிந்த பெண் ஒருவர் கூட்டத்திலிருந்து எழுந்து சென்று கயிற்றைத் தாண்டிக் குதித்து, அறைகூவியவரைத் தூக்கி எறிந்தார். காணொளி நாடெங்கும் பரவியது. யாரோ வழிப்போக்கர் வந்து அடித்துவிட்டார் என்றே பலரும் நம்பினர். உண்மையில் வந்தவர் கவிதா, காட்சியும் திட்டமிட்டது. ஆயினும் பெண்கள் அதை மீண்டும் மீண்டும் பார்த்தமைக்கு வேறு காரணம் இருக்கிறதென்று கருதுகிறோம். மற்போர் என்றால் அரைகுறை ஆடை என்பது நம் இல்லங்களில் பலகாலமாக உள்ள குறை. அக்குறை முழுவதும் ஆதாரமற்றது என்றும் சொல்ல இயலாது. இவரோ வீட்டு வாசலில் காய்கறி வாங்க நிற்கும் பெண்ணின் உடையில் அப்பணியைச் செய்தார். 2017ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டபிள்யூ.டபிள்யூ.இ. நடத்திய ‘மே யங் கிளாசிக்’ என்னும் மகளிர் பந்தயத்திலும் அதே சுரிதாருடன் தோன்றினார். அந்நிறுவனத்தின் கோதாவில் இறங்கிய முதல் இந்தியப் பெண் அவரே. முதல் சுற்றில் நியூசிலாந்தின் டகோட்டா கையிடம் தோற்றார். தோற்கவேண்டுமென்பதே எழுதப்பட்டது, ஆனால் எதிராளியைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்திய தோள்வலிமை எவரும் எழுதிக் கொடுத்ததன்று.

அப்பந்தயத்தில் வாகை சூடியவர் ஒரு ஜப்பானியப் பெண். கைரி ஹோஜோ என்பது அவர் நாட்டில் வழங்கிய பெயர். அமெரிக்காவில் கைரி சேன். பாய்மரப் படகுப் போட்டியில் பயின்றவர். 2012இல் மற்போருக்கு வந்தார். கோதாவின் மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து பறந்துவந்து முழங்கையால் தாக்குவது அவரது தனித் திறன். இந்தியப் பெண் முதன்முறையாக எட்டிப் பார்த்த ஒரு தொழிலில் ஜப்பானியப் பெண் முடி சூட்டிக்கொண்டதற்கு நெடிய வரலாறு உண்டு. அதைச் சற்றே காண்போம்.

ஆண்களின் கதை நமக்கும் ஜப்பானியருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கியது. 1950களில் பஞ்சாபின் தாரா சிங்கும் ஹங்கேரியில் பிறந்த கிங்காங்கும் ஊர் ஊராக மோதினர். சென்னைவாசிகளான முதியோர் பலர் அப்பெயர்களை இன்றும் வியப்போடு உச்சரிப்பர். அதே கிங்காங் 1955இல் ஜப்பான் சென்று ரிக்கிடோசானிடம் தோல்வியுற்றார். போரில் தோற்றுத் தலைகுனிந்திருந்த ஜப்பானியர், தெருமுனைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் ஆயிரக்கணக்கில் கூடி ரிக்கிடோசானைப் பார்த்து நிமிர்ந்தனர். தாரா சிங் 1968இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று, 1983இல் கோதாவை விட்டு விலகி, தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றி, மாநிலங்களவை உறுப்பினராகி, 2012இல் காலமானார். அத்துடன் நமது நாட்டில் அக்கலை ஏறக்குறைய வெறிச்சோடியது. ஜப்பானில் அது தளராத தொழிலாயிற்று.

அங்கே பெண்களுக்கென 1968இல் அகில ஜப்பான் மகளிர் மற்போர்க் கழகம் தோன்றியது. பள்ளி முடித்த பதினைந்து பதினாறு வயதுச் சிறுமிகள் அதன் விடுதியில் சேர்ந்தனர். மது கூடாது, புகை கூடாது, ஆடவர் நட்புக் கூடாது என்பன அங்கு மூன்று தடைகள். ஏறத்தாழ 25 வயதில் ஓய்வு பெற்றுவிடவேண்டும் என்பது எழுதப்படாத விதி. சிகுசா நகாயோ, லயனஸ் அசுகா என்னும் இரு இளம்பெண்கள் 1980களில் பெற்ற புகழ் திரைப்பட நட்சத்திரங்களுக்குரியது. 1985 ஆகஸ்டில் ஒசாகா நகரில், தோற்பவர் தலை மழிக்கப்படும் என்னும் நிபந்தனையோடு நகாயோ மோதித் தோற்றார். கோதாவிலேயே அவரது கூந்தலை மழிக்கையில் அரங்கம் நிறையக் கூடியிருந்த பள்ளி மாணவியர் தேம்பி அழுதனர். முடிவு முன்னரே எழுதப்பட்டது என்று அந்தச் சிறுமிகளிடம் யார் சொல்லித் தேற்றியிருக்க முடியும்? அக்கழகம் 2005இல் மூடப்பட்டது. ஓய்வு விதியும் மங்கியது. அது நிலைத்திருக்குமாயின், கவிதா இத்தொழிலைத் தொடங்கிய வயதில் ஒரு ஜப்பானியப் பெண் அதை விட்டுப் பல்லாண்டு கடந்திருப்பார்.

பிற்காலத்தில் எழுந்த ‘ஸ்டார்டம்’ என்னும் மகளிர் கழகத்தில் கைரியைப் போலவே ஒளிவிட்ட இன்னொரு பெயர் ஹானா கிமுரா. அவளைப் பற்றி எழுதாமல் இப்பொருளைக் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை. 1997இல் யோகோஹாமாவில் பிறந்தவள். அன்னை கியோகோ கிமுராவும் மற்போர் வீராங்கனை. தாயின் தொழிலையே மகளும் மேற்கொண்டு 2016இல் கோதா ஏறினாள். இளஞ்சிவப்புக் கூந்தலும் துடுக்குப் பேச்சும் கோதாவில் அவள் பூண்ட வேடம். வெளியே மென்மையானவள் என்பர் பழகியோர். 2020 சனவரி 4ஆம் நாள் டோக்கியோ டோம் பேரரங்கில் ஆடும் வாய்ப்புப் பெற்றாள். எந்த ஜப்பானிய மல்லருக்கும் அது கனவு மேடை.

அந்நாட்களில் அவள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலும் பங்கேற்றிருந்தாள். முன்பின் அறியாத இளைஞர் சிலரை ஒரே வீட்டில் குடியமர்த்தி அவர்தம் அன்றாட வாழ்வைப் படம்பிடித்துக் காட்டும் ‘டெரஸ் ஹவுஸ்’ அது. நமது வீடுகளிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் இப்போது ஆண்டுதோறும் ஓடுகின்றன. யாரை வெறுக்கலாம் என்று ஊரே காத்திருக்கிறது. டோக்கியோ டோமில் அணிந்த தன் உடையை ஹானா துவைக்கும் எந்திரத்தில் மறந்துவிட்டாள். உடன் தங்கியிருந்த இளைஞர் கவனியாமல் தம் துணிகளுடன் சேர்த்துத் துவைத்து உலர்த்த, உடை சுருங்கிப் பாழாயிற்று. அவள் சினந்து பேசி, அவர் தலையிலிருந்த தொப்பியைத் தட்டிவிட்டாள். நடந்தது அவ்வளவே. ஒரு குடும்பத்தில் வாரத்திற்கொரு முறை நிகழும் சச்சரவு. அக்காட்சி ஒளிபரப்பாகியபின் வசைகள் கைபேசி வழியாக மழையெனப் பொழிந்தன. பல, ‘செத்துப்போ’ என்று எழுதப்பட்டவை. எழுதியோரின் பெயரும் முகமும் எவருக்கும் தெரியா. பெருந்தொற்றுக் காலமாதலால் அரங்குகள் அடைபட்டுக் கிடந்தன. அவள் பெரும்பாலும் தனியே இருந்தாள். 2020 மே 23ஆம் நாள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். வயது 22.

கோதாவில் அவளைத் தூக்கி எறிந்தவர்கள் எல்லோரும் அவள் கழுத்து தரையில் மோதாதபடி தாங்கினர். இந்த வீழ்ச்சியில் தாங்க ஒருவரும் இல்லை. வசை எழுதியவருள் வழக்குத் தொடரப்பட்ட ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 9,000 யென். அன்றைய ஜப்பானியச் சட்டத்தில் அவமதிப்புக்கு 10,000 யென்னுக்கு மேல் தண்டம் விதிக்க இடமில்லை. மகளை இழந்த கியோகோ வீட்டில் முடங்கவில்லை. சட்டத்தைத் திருத்துமாறு இடைவிடாது முறையிட்டார். 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. ஓராண்டுச் சிறையும் மூன்று இலட்சம் யென் வரை அபராதமும் இப்போது விதிக்கலாம். தம் பிள்ளை கைபேசியில் எதைப் பார்க்கிறான் என்று கவலையுறும் பெற்றோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவன் எதை எழுதுகிறான் என்று வினவுவோர் அத்தனை பேர் இல்லை. முகமறியா ஒரு பெண்ணைக் குறித்து அவன் நகைத்து எழுதிய ஒரு வரி, அவள் படித்த ஆயிரத்துள் கடைசி வரியாக இருக்கக்கூடும்.

இத்தொழிலைச் சமயத்தோடு சேர்த்து எண்ணத் தயங்குவோர்க்கு இடையே ஒரு செய்தி. மெக்சிகோ நாட்டில் செர்ஹியோ குத்தியேரஸ் என்னும் கத்தோலிக்கக் குரு, தாம் நடத்திவந்த அநாதை இல்லத்துச் சிறுவர்களுக்கு உணவளிக்கப் பொருளின்றி, மஞ்சளும் சிவப்புமான முகமூடி அணிந்து மற்போர் ஆடி ஊதியம் ஈட்டினார். ‘ஃப்ரே டொர்மெந்தா’, அதாவது ‘புயல் சகோதரர்’, என்பது முகமூடிக்குரிய பெயர். இருபது ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு ஆடினார். பூசைக்கு நின்ற கைகளில் எத்தனை காயத் தழும்புகள் இருந்தனவோ!

மீண்டும் கவிதாவிடம் வருவோம். 2017 அக்டோபரில் டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை ஒப்பந்தம் செய்துகொண்ட அறிவிப்பு புதுதில்லியில் வெளியாயிற்று. 2018 சனவரியில், தத்தம் துறையில் முதலடி வைத்த மகளிருள் ஒருவராகக் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்திடம் விருது பெற்றார். பின்னர் ஃப்ளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் பயிற்சி. பத்திரிகைகள் இதை வெற்றி என்றே எழுதின, வெற்றிதான். ஆயினும் ஓர் அன்னையின் கணக்கில் அதற்கு இன்னொரு பக்கம் உண்டு. இந்தியாவில் பள்ளிக்குப் புறப்படும் மகன், அங்கே இரவு. அங்கே அவர் பயிற்சி முடித்துத் திரும்புகையில் இங்கே பிள்ளை உறங்கிவிட்டிருப்பான். வளைகுடா நாடுகளில் செவிலியராகவும் வீட்டுப் பணியாளராகவும் உழைக்கும் தாய்மார் நமது மறைமாவட்டங்களில் பலர். அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளையைப் பேணிய கணவரும் உற்றாரும் இல்லையேல் கவிதாவுக்கு ஒர்லாண்டோ இல்லை. கோதாவில் தாங்குவோர் எதிராளிகள் என்றால், கோதாவுக்கு வெளியே தாங்கியவர்கள் இவர்கள். அவர்களுடைய படம் எந்தச் சீட்டுக் கட்டிலும் அச்சாகவில்லை.

2018 ஏப்ரல் 8ஆம் நாள் நியூ ஆர்லியன்சில் நடந்த ‘ரெஸில்மேனியா’ பெருவிழாவில், பல பெண்கள் ஒரே நேரத்தில் மோதும் ஆட்டத்தில் இடம்பெற்றார். உலகம் பார்க்கும் அந்த மேடைக்கு மால்வி கிராமத்துப் பெண் ஏறிய நாள் அதுவே. அதற்கு மேலே ஏறவில்லை. அவ்வாண்டே மே யங் பந்தயத்தில் மீண்டும் முதல் சுற்றில் வெளியேறினார். 2021இல் நிறுவனம் அவரை விடுவித்தது. நான்காண்டு ஒப்பந்தத்தில் பட்டம் எதுவும் கிட்டவில்லை. அவரைத் தொடர்ந்து அவ்வழியில் இந்தியப் பெண்கள் சாரிசாரியாகச் சென்றனரா என்றால் அதுவும் இல்லை. முதலாமவர் என்னும் பெருமை சில வேளைகளில் தனிமையின் மறுபெயராகிவிடுகிறது.

2022இல் அவர் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்தார். 2024 அக்டோபரில் ஹரியானா சட்டமன்றத் தேர்தல் வந்தபோது தம் சொந்தத் தொகுதியான ஜுலானாவில் நின்றார். காங்கிரஸ் சார்பில் எதிர்நின்றவரும் ஒரு மற்போர் வீராங்கனை, வினேஷ் போகட். இவர் ஆடுவது முடிவு எழுதப்படாத ஒலிம்பிக் மல்யுத்தம். இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் பாரிஸ் நகரில், பன்னாட்டுப் போட்டிகளில் அதுவரை தோல்வியே காணாத ஜப்பானின் யுயி சுசாகியைக் கடைசி விநாடிகளில் வீழ்த்தி இறுதிச் சுற்றுவரை சென்றவர். மறுநாள் காலை எடை 100 கிராம் கூடியிருந்தமையால் விலக்கப்பட்டு வெறுங்கையுடன் திரும்பியவர். வினேஷ் ஜுலானாவின் மருமகள். கவிதா ஜுலானாவின் மகள். இம்முறை எவரும் முடிவை முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. வினேஷ் 6,015 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கவிதா வைப்புத் தொகையை இழந்தார்.